விழித்திருக்கும் உள்ளம்

கண்டி இராச்சியம் தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் பெரிதும் துணைபுரியும். 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்க மன்னனுடைய ஆட்களாற் பிடிக்கப்பட்ட நொக்ஸ், ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டிலே கைதியாக வாழ்ந்து, 1679ஆம் ஆண்டில் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் மலைப்பாதைகளைக் காத்துநின்ற முட்கதவுகளைப் பற்றிய செய்தி வருகின்றது. பாதை ஒடுங்குமிடங்களில் முட்களாற் பின்னிய கதவுகள் தொங்கவிடப்பட்டிருந்தன. அவற்றருகே காவலர் நின்றனர். களிமண்ணிற் பதித்த அடையாளத்தைக் காட்டாதவர் அவ்வழியே செல்லுதல் அரிது. கடவத்தை என்று இன்றும் ஊர்ப்பெயராக வழங்கும் சொல், இத்தகைய காவற்கடவையைக் குறிப்பதேயாகும்.

முட்கதவருகே நின்ற காவலனுடைய விழிப்பு அச்சத்திற் பிறந்தது. வருபவன் பகைவனாக இருப்பான் என்பதே அவனுடைய எதிர்பார்ப்பு. நாட்டைக் காப்பதற்கு அவ்விழிப்பு வேண்டியதே. ஆயினும் விழிப்பு என்பது அந்த ஒருவகை மட்டுமன்று. தொலைவிலுள்ள மகன் இரவு வண்டியில் வருவான் என்று உணவை மூடிவைத்து, திண்ணையில் விளக்கேற்றி, வாசலைப் பார்த்திருக்கும் தாயும் விழித்தே இருக்கின்றாள். காவலனும் தாயும் ஒரே இருளைத்தான் நோக்குகின்றனர். ஆனால் ஒருவர் கதவை அடைப்பதற்காக விழித்திருக்கின்றார். மற்றவர் கதவைத் திறப்பதற்காக விழித்திருக்கின்றார்.

கிறித்துவ சமயம் தன் மக்களுக்கு விதிக்கும் விழிப்பு இவ்விரண்டனுள் எது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காணாமையாற் பலர் இடர்ப்படுகின்றனர். விழிப்பு என்றவுடன் உலக முடிவு, நியாயத் தீர்ப்பு, தண்டனை என்பனவே சிலருடைய மனத்திற்கு வருகின்றன. வேறு சிலரோ அச்சொல்லை முதியோர்க்கும் நோயாளர்க்கும் உரியதென விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் நற்செய்தி நூல்களின் கருத்தைச் சற்றே ஆழ்ந்து நோக்குதல் நன்று.

மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலே பத்துக் கன்னியர் உவமை வருகின்றது. மணவாளனை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் விளக்குகளுடன் சென்றனர். ஐவர் வேண்டிய எண்ணெயையும் கொண்டு சென்றனர். ஐவர் கொண்டு செல்லவில்லை. மணவாளன் வரத் தாமதமாயிற்று. நள்ளிரவில் அவன் வருகை அறிவிக்கப்பட்டபோது, எண்ணெய் இல்லாதவர் மற்றவரிடம் கடன் கேட்டனர், கிடைக்கவில்லை. கடைக்குச் சென்று திரும்புவதற்குள் கதவு அடைக்கப்பட்டுவிட்டது.

இக்கதையைப் பலமுறை கேட்டவர்களும் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. மணவாளன் தாமதித்தபோது உறங்கிப் போனவர்கள் அறிவிலிகளான ஐவர் மட்டுமல்லர். பத்துப் பேருமே உறங்கினர். ஆகவே இவ்வுவமையிற் கண் மூடியது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. உடல் களைத்தால் உறங்கும், அது இயற்கை. வேறுபாடு எண்ணெயில் இருந்தது. உறங்கும் முன்னரே எண்ணெயைச் சேர்த்து வைத்திருந்தவள் எழுந்தவுடன் திரியைத் தூண்டினாள். சேர்த்து வைக்காதவள் எழுந்த பின்னர் ஓடினாள். ஆயத்தம் என்பது நள்ளிரவிற் செய்யப்படுவதன்று; பகலிற் செய்யப்பட்டு, நள்ளிரவில் வெளிப்படுவது.

எண்ணெயைப் பங்கிட மறுத்தது கன்னெஞ்சமன்றோ என்று வினவுவோரும் உளர். சில பொருள்கள் பங்கிடக் கூடியவை, சில கூடாதவை. அரிசியைக் கடன் கொடுக்கலாம். பணத்தைக் கடன் கொடுக்கலாம். ஒருவன் ஆண்டுக்கணக்காகப் பழகிய பொறுமையை, மற்றவன் தன் துன்ப நாளிலே கைம்மாற்றாகப் பெறுதல் இயலுமா? தந்தை நாள்தோறும் செய்த செபம் பிள்ளைக்கு வழிகாட்டலாம்; பிள்ளை செய்யாதுவிட்ட செபத்திற்கு அது ஈடாகாது. உவமையிலுள்ள எண்ணெய் இத்தகைய பொருளையே குறிக்கின்றது.

லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரம் இதனை மேலும் விளக்குகின்றது. எசமான் திருமண விருந்திலிருந்து எந்த நாழிகையில் திரும்புவான் என்பது தெரியாது. தட்டியவுடன் கதவைத் திறப்பதற்கு ஊழியர் காத்திருக்கின்றனர். அவர்களை விழித்திருக்கக் கண்ட எசமான் செய்வது யாது? தானே இடைக்கச்சை கட்டி, ஊழியரைப் பந்தியில் அமர்த்தி, அவர்களுக்குப் பரிமாறுகின்றான். உலகத்து எசமானர் எவரும் செய்யாத செயல் இது. வருபவன் இத்தகையவன் என்று அறிந்தவனுடைய விழிப்பு காவலனுடைய விழிப்பாக இருத்தல் எங்ஙனம்? அது தாயின் விழிப்பாகவே இருத்தல் வேண்டும்.

வருகையின் நாழிகையைக் கணக்கிட முனைவது விழிப்பு அன்று என்பதும் கருதத்தக்கது. திருச்சபையின் தொடக்க காலத்திலேயே இத்தவறு தோன்றியது. தெசலோனிக்க நகரத்துக் கிறித்துவருட் சிலர், ஆண்டவரின் நாள் வந்துவிட்டதென்று கலங்கினர். சிலர் தம் தொழிலைக் கைவிட்டுச் சோம்பித் திரிந்தனர். புனித பவுல் அவர்களைக் கடிந்து, அமைதியாக உழைத்து உண்ணுமாறு எழுதினார். அண்மை நூற்றாண்டுகளிலும் இது நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவருடைய போதனையைப் பின்பற்றியோர், 1844ஆம் ஆண்டு ஒற்றோபர் 22ஆம் நாள் கிறித்து மீண்டும் வருவார் என்று நம்பிக் காத்திருந்தனர். அந்நாள் கழிந்தது, மறுநாட் காலையில் கதிரவன் வழக்கம்போல் எழுந்தான். நாளை அறிந்தவன் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே ஆயத்தமாவான். நாளை அறியாதவனோ ஒவ்வொரு நாளுக்கும் ஆயத்தமாக வேண்டியவன். நாழிகை மறைக்கப்பட்டிருப்பதன் பயன் இதுவே எனலாம்.

இவ்வுண்மை ஏட்டளவில் நின்றுவிடாது ஒரு மனிதருடைய வாழ்க்கையாக மலர்ந்ததைக் கண்டி நகரம் கண்டிருக்கின்றது. முட்கதவுகள் காவல் செய்த அதே நாட்டிற்குள் வேறோர் விழிப்பைத் தாங்கி வந்தவர் யோசவ் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவையைச் சேர்ந்த பெனவுலிம் என்னும் ஊரிற் பிறந்தார். ஈண்டுக் கோவை என்றது போர்த்துக்கேயர் ஆண்ட கோவா நாட்டை. தாய்மொழி கொங்கணி. 1676இற் குருப்பட்டம் பெற்றார். ஒல்லாந்தர் 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய பின்னர், இலங்கைக் கரைநாடுகளிற் கத்தோலிக்கக் குருமார் இருத்தல் தடைசெய்யப்பட்டது. மேய்ப்பரற்ற அம்மக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்பதே அடிகளாரின் வேட்கையாயிற்று. தூத்துக்குடியிலே தமிழ் பயின்று, கூலியாளின் கோலத்தில், யோவான் என்னும் துணையாளருடன் 1687இல் இலங்கையை வந்தடைந்தார்.

யாழ்ப்பாணத்திற் கத்தோலிக்கர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவானவர் ஒருவரைக் காணாதிருந்தனர். பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆயினும் வீட்டினுள்ளே செபம் நின்றுவிடவில்லை. யார் கத்தோலிக்கர் என்பதை அறிய அடிகளார் ஒரு வழியைக் கையாண்டார். செபமாலையைக் கழுத்திலே வெளிப்படையாக அணிந்து, வீடுவீடாகச் சென்று பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார் என்பதை அவர் உற்றுநோக்கினார். அவர்களோ இவர் ஒல்லாந்தர் அனுப்பிய ஒற்றரோ என்று முதலில் ஐயுற்றனர், பின்னரே நம்பினர். இவ்வாறு சில்லாலை அவருடைய பணிக்கு நிலைக்களமாயிற்று.

இந்நிகழ்ச்சியை உவமையோடு ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். 30 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. எண்ணெயைச் சேர்த்து வைத்த குடும்பங்களிலேதான் விளக்கு அணையாதிருந்தது. அவர்கள் காத்திருந்த குருவானவர், வெள்ளுடையும் மணியோசையும் சூழ வரவில்லை. வாசலிலே நின்ற பிச்சைக்காரனாக வந்தார். விழித்திருந்த கண்களே அவரை இனங்கண்டன.

1689ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையின்போது ஒல்லாந்த அதிகாரிகள் சோதனை நடத்திக் கத்தோலிக்கர் பலரைக் கைதுசெய்தனர். அடிகளார் அகப்படவில்லை. பின்னர் அவர் யாழ்ப்பாணத்தை நீங்கிக் கண்டி மன்னனுடைய ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்திற்குச் சென்றார். இடரைத் தேடிச் சென்று விழுவது விழிப்பாகாது என்பதை இது காட்டுகின்றது. தம்மை நம்பியோர்க்குத் தம்மாலே தீங்கு வராதவாறு நடப்பதும், பணி தொடர்வதற்காக விலகிச் செல்வதும் விழிப்பின் பகுதியேயாகும்.

1692இல் அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே மன்னனாக விளங்கியவன் இரண்டாம் விமலதர்மசூரியன். அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், வருபவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று மன்னனிடம் கூறினார். அந்நியரை ஐயுறுதல் அந்நாட்டின் காவல்முறை. ஆகவே அடிகளார் சிறைப்பட்டார். எத்தனை நாள் என்பதோ, முடிவு விடுதலையோ மரணமோ என்பதோ அவர்க்குத் தெரியாது. கண்டியிற் கைதியாகிப் பல்லாண்டுகள் வாடிய ஐரோப்பியர் பலர் இருந்தனர் என்பதை நொக்ஸின் நூலே கூறுகின்றது.

முடிவு தெரியாத இவ்வேளையில் அடிகளார் செய்தவை யாவை? சிங்கள மொழியைப் பயின்றார். காவல் சற்றே தளர்ந்தபோது, தங்கியிருந்த இடத்திலேயே ஒரு சிறு குடிலை அமைத்துக் கோவிலாக்கிப் பூசை செய்தார். நகரிலிருந்த கத்தோலிக்கர் சிறிது சிறிதாக அவரிடம் வரத் தொடங்கினர். விடுதலை கிடைத்த பின்னர் பணி செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. சிறையே பணிக்களமாயிற்று. காத்திருக்கும் காலத்தை வீண் காலமாகக் கருதாமை விழிப்பின் முதல் இலக்கணம் எனின், அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

1696ஆம் ஆண்டிலே கண்டியிற் கடும் வறட்சி ஏற்பட்டது. பல சமயத்தாரும் மழை வேண்டிச் செபித்தனர். மன்னன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அடிகளார் வெளியிடத்திற் பீடம் அமைத்துச் சிலுவையை நிறுத்தி முழந்தாளிட்டுச் செபித்தார் என்றும், மழை பொழிந்தது என்றும் வரலாற்றேடுகள் கூறுகின்றன. மன்னன் அவருக்குத் தன் நாட்டிலே பணிசெய்யும் உரிமையை வழங்கினான். அதனை அற்புதம் என்று போற்றுவோர் போற்றட்டும். அம்மனிதர் அன்றுதான் முதன்முதல் முழந்தாளிட்டவர் அல்லர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அழைப்பு வந்தபோது செபத்தைத் தேடி ஓடவேண்டிய நிலை அவர்க்கு இருக்கவில்லை.

மறு ஆண்டில், 1697இல், அதனினும் கடிய சோதனை வந்தது. கண்டி நகரில் வைசூரி பரவியது. அக்காலத்தில் அந்நோய்க்குத் தடுப்புமில்லை, மருந்துமில்லை. எட்வேட் ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைச் சோதித்துக் காட்டியது 1796இலேதான். நோயுற்றாரை உற்றாரே கைவிட்டனர். பலர் காட்டோரங்களிலே தனித்து விடப்பட்டனர். அரசவையும் நகரை விட்டகன்றது. அடிகளாரும் அவருடைய மருகராகிய யோசவ் கார்வாலோ அடிகளாரும் நகரிலே தங்கி, நோயாளரைத் தேடிச் சென்றனர். அவர்களுக்குக் குடில் அமைத்தனர், உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கைகளாலே புதைத்தனர். இன்ன சமயத்தார் என்னும் வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை.

ஓடுவதா, நிற்பதா என்று முடிவு செய்வதற்குக் கொள்ளைநோய் எவருக்கும் நீண்ட அவகாசம் தருவதில்லை. அந்நேரத்தில் மனிதன் புதிதாக எதனையும் ஆவதில்லை. இதுவரை எதுவாக இருந்தானோ அதுவே வெளிப்படுகின்றது. பிறர்க்கு முதலிடம் கொடுத்துப் பழகியவர் நின்றனர். அடிகளார் வைசூரிக்காகத் தம்மை ஆயத்தப்படுத்தியவர் அல்லர். வைசூரி வரும் என்று அவர் அறிந்திருக்கவுமில்லை. ஆயினும் அது வந்தபோது ஆயத்தமாக இருந்தார்.

மன்னனைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் முறை. இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த சமயத்திலே ஆழ்ந்த பற்றுடையவன். தந்த தாதுவுக்கு மூன்று நிலை மாளிகை எடுத்தவன். துறவிகளின் உபசம்பதா முறையை மீண்டும் நிறுவுவதற்கு அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன். அத்தகையவனே, தன்னிடம் ஒற்றர் என்று காட்டப்பட்ட குருவானவரை ஆராய்ந்து, ஐயம் நீங்கி, ஆதரவளித்தான். வாசலில் நிற்பவன் பகைவனா நண்பனா என்பதைப் பகுத்தறிவதும் விழிப்பே அன்றோ?

அடிகளாரின் விழிப்பு தம்மோடு முடியவில்லை. தாம் இல்லாத நாளையும் அவர் நினைந்திருந்தார். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தி, குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும் வழிசெய்தார். கோவாவிலிருந்து உடன் உழைப்பாளர்களை வரவழைத்தார். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழ் மக்களாற் சாங்கோபாங்க சுவாமிகள் எனப் போற்றப்படுபவர். தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றிய அவர், தபசு காலத்திலே கத்தோலிக்கர் ஓதிவரும் வியாகுலப் பிரசங்கத்தின் ஆசிரியருமாவார்.

இம்முன்னேற்பாட்டின் பயன் பிற்காலத்திலே தெளிவாயிற்று. 1744 அளவிற் கத்தோலிக்கக் குருமார் கண்டி இராச்சியத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். மலைநாட்டுக் கத்தோலிக்கர் மீண்டும் மேய்ப்பரற்றவராயினர். ஆயினும் மாத்தளைப் பகுதியிலுள்ள வாகக்கோட்டை போன்ற சிற்றூர்களிற் சமய வாழ்வு அழிந்துவிடவில்லை. கரைநாடுகளிற் கத்தோலிக்கர்மீது விதிக்கப்பட்டிருந்த தடைகள் ஆங்கிலேயராட்சியில், 1806இல், மெயித்லண்ட் தேசாதிபதியின் காலத்திலேதான் நீக்கப்பட்டன. அதுவரை விளக்கைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத குடும்பத்தலைவரும் தாய்மாரும் அண்ணாவிமாருமே.

அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். அப்போது அவருக்கு வயது 59. இலங்கைக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயகத்திற்கு அவர் ஒருமுறையேனும் திரும்பிச் சென்றாரல்லர். இறுதி நேரத்திலே அறிவுரை வேண்டிச் சூழ்ந்திருந்தோர்க்கு, வாழ்நாள் முழுவதும் செய்யாது புறக்கணித்த ஒன்றை மரண வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்னும் பொருள்பட அவர் கூறினார் என்பர். பத்துக் கன்னியர் உவமைக்கு இதனினும் சுருங்கிய உரை வேண்டுமோ? இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் கொழும்பிலே அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், பிரான்சிசு பாப்பரசர் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அதே காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராகவும் அறிவித்தனர்.

இனி, இக்காலத்து மனிதர் இதனால் அறியவேண்டியது யாது? சிறையோ வைசூரியோ எல்லோர் வாழ்விலும் வருவதில்லை. ஆனால் ஆன்மாவின் உறக்கம் எக்காலத்திற்கும் உரியது. அவ்வுறக்கம் பெரும்பாவத்தினால் மட்டும் வருவதன்று. கெத்சமெனித் தோட்டத்திலே சீடர்கள் துயரத்தினால் உறங்கினர் என்று லூக்கா எழுதுகின்றார். கவலை மிகுந்தபோதும் உள்ளம் உறங்கிவிடும். ஓயாத வேலையினாலும் உறங்கும். ஓயாத பேச்சினாலும் உறங்கும். கையிலுள்ள தொலைபேசி இரவு பகலாக ஒளிர்ந்துகொண்டிருக்க, அதனை வைத்திருப்பவனுடைய உள்விளக்கு அணைந்து கிடத்தலும் கூடும். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்பவனும் தன் அயலானோடு பத்தாண்டுகள் பேசாதிருப்பானாயின், அவன் கண்கள் திறந்திருக்கின்றனவேயன்றி உள்ளம் விழித்திருக்கவில்லை.

இதற்கு மாற்று யாது? கண்டியைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலே வாழ்வோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கொழுந்து ஏறத்தாழ ஏழு நாள் முதற் பத்து நாளுக்கொருமுறை எடுக்கப்படவேண்டும். சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும். ஒரு மாதம் கவனியாது விட்டுவிட்டு, ஒரே நாளிற் கடுமையாக உழைத்து அவ்விலையை மீண்டும் கொழுந்தாக்க முடியாது. மலைக்கு மலை தவறாது செல்லும் அந்தச் சிறு கைவேலையே தோட்டத்தைக் காக்கின்றது. ஆன்மாவும் அத்தகையதே.

ஆகவே திருச்சபை அன்றாடச் சுற்று ஒன்றை வகுத்துள்ளது. காலையில் எழுந்தவுடன் அந்நாளை இறைவனிடம் ஒப்படைத்தல் முதலாவது. பகலிலே தன் கடமையைத் தன்மீது நம்பிக்கை வைத்தவர்க்குரிய கடனாகக் கருதிச் செய்தல் இரண்டாவது. இரவிலே சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து, அன்று யாரை வருத்தினோம், யாருக்குக் கடன்பட்டோம், எதனைச் செய்யாது விட்டோம் என்று ஆத்தும சோதனை செய்தல் மூன்றாவது. பொழுது விடியுமுன் பகையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் துணிவு அவ்விரவுச் சோதனையிலேதான் பிறக்கும். ஆண்டுச் சுற்றிலும் திருச்சபை இதனையே கற்பிக்கின்றது. நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் காத்திருத்தலின் பள்ளிக்கூடம். பாஸ்கா முன்னிரவிலே இருளிற் கூடி, ஒரு திரியிலிருந்து பல திரிகளை ஏற்றும் சடங்கு விழித்திருத்தலின் பாடம்.

பாஸ்காவைக் குறிப்பிடும்போது இந்நாட்டு மக்களின் நெஞ்சு கனக்காதிராது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுக் காலையில், கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகள் சிலவற்றிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தாடை உடுத்திப் பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சென்றோர் அவர்கள். அக்கொடுமையை எவ்வகையாலும் நியாயப்படுத்தல் ஆகாது; அதற்கு எளிய விளக்கம் கூற முயல்வதும் தகாது. நாழிகையை ஒருவரும் அறியார் என்னும் பழைய வாக்கு வெறும் அச்சுறுத்தல் அன்று, மனித வாழ்வின் உண்மை நிலை என்பதை மட்டும் அந்நாள் உணர்த்திற்று. அந்நாளுக்குப் பின்னர், பழிவாங்கலை நாடாது துயரைத் தாங்கி, காயமுற்றோரைப் பேணிய குடும்பங்கள் பல. அப்பொறுமையும் ஒரே இரவில் வந்ததன்று.

மரணத்தை நினைத்தல் வாழ்வை இருளாக்கிவிடாதோ என்று சிலர் அஞ்சுவர். உண்மை அதற்கு மாறானது. இன்றே கடைசி நாளாகலாம் என்று அறிந்தவன் தன் மனைவியிடம் கடுஞ்சொல் கூறுமுன் ஒருகணம் தயங்குவான். கடனைத் திருப்பிக் கொடுப்பான். முதிய தாயைப் பார்க்கச் செல்வதை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கமாட்டான். அவனுடைய நாள்கள் குறைவதில்லை. ஒவ்வொரு நாளும் நிறைவு பெறுகின்றது.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடம் சென்றது. முட்கதவுகள் மறைந்தன. இன்று நகரின் அழகாக விளங்கும் வாவி, அடிகளார் காலமாகி நூறு ஆண்டுகளின் பின்னர், கடைசி மன்னனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கனால் அமைக்கப்பட்டது. அடிகளார் அதனைக் கண்டதில்லை. அவர் எழுப்பிய கோவிலும் இன்றில்லை. ஆனால் அவ்வாவிக்கு அப்பால் மலைச்சரிவிலே அம்பிட்டி இருக்கின்றது. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரின் விருப்பப்படி 1893இல் அங்கே தொடங்கப்பட்ட குருமடம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரைப் பயிற்றியது. 1955இல் அது பூனா நகருக்கு மாற்றப்பட்ட பின்னர், அவ்விடம் இலங்கையின் தேசிய குருமடமாயிற்று. ஒருகாலத்தில் ஒரு குருவானவரே காவலில் வைக்கப்பட்ட நகரின் அருகே, இளைஞர் குருத்துவத்திற்கு ஆயத்தமாகின்றனர்.

கதவை அடைப்பதற்காக விழித்திருந்த காவல் மறைந்துபோயிற்று. கதவைத் திறப்பதற்காக விழித்திருந்தவரின் நினைவு மூன்று நூற்றாண்டுகளின் பின்னும் நிலைத்திருக்கின்றது. இன்றிரவு விளக்கை அணைத்துப் படுக்கச் செல்வோர், தம் உள்விளக்கில் எண்ணெய் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று. குறைந்திருந்தால் நள்ளிரவு இன்னும் ஆகவில்லை. கடையும் இன்னும் திறந்தே இருக்கின்றது.